கணக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர்கள்

மலர்க்குழு நண்பர் போன் செய்து, “ஹாஸ்டல் நினைவுகள், மெஸ் சாம்பார், எலெக்‌ஷன் கலாட்டா, எதையாவது நாலு பக்கம் எழுதிக் கொடப்பா” என்றார். சாம்பாரைப் பற்றி ஏற்கெனவே மூன்று பேர் எழுதுவதாகக் கேள்வி. ஆகவே நான் ஒரு பாடத்தைப் பற்றி எழுதுகிறேன். நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். இது கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் சொந்தக் கதை.

மூன்றாம் ஆண்டில் எங்களுக்கு ஒரு விருப்பப் பாடம் இருந்தது. பெயர் ‘பொது நிதியும் கொள்கை ஆய்வும்’. இன்ஜினீயரிங் படிக்கிறவனுக்கு இது எதற்கு என்று அப்போது யாரும் கேட்கவில்லை. லேப் கிடையாது, ரிக்கார்டு நோட்டு கிடையாது, வெள்ளிக்கிழமை மதியம் வகுப்பு. இந்த மூன்று காரணங்களுக்காகவே நாற்பது பேர் சேர்ந்தோம். பாடம் எடுத்தவர் வேறு துறையிலிருந்து வரும் பொருளியல் சார். முதல் வகுப்பில் கரும்பலகையில் ஒன்றும் எழுதாமல், முதல் பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்துக் கேட்டார்.

“உனக்கு எந்த ஊருப்பா?”

“கொடைக்கானல் சார். நாயுடுபுரம்.”

“உங்க வீட்டு வாசல்ல போற ரோடு யார் காசுல போட்டது?”

“கவர்மெண்ட் காசு சார்.”

“கவர்மெண்டுக்கு ஏதுப்பா காசு?”

வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. சிரித்தவர்களுக்கும் தெரியவில்லை என்பது அடுத்த பத்து நிமிஷத்தில் தெரிந்தது. பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் எல்லாரும் தங்கள் தெருவின் கணக்கைக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டார். குடிநீர், விளக்கு, சாக்கடை, ரோடு, பள்ளிக்கூடம், ரேஷன் கடை என்று ஒவ்வொன்றுக்கும் யார் பணம் கொடுத்தார்கள், யார் பராமரிக்கிறார்கள், நம்மிடம் எந்த வழியில் அந்தப் பணம் வாங்கப்பட்டது என்று எழுத வேண்டும். அவ்வளவுதான் அசைன்மெண்ட்.

அந்தப் பொங்கலுக்கு நாயுடுபுரத்தில் பனி கடுமையாக இருந்தது. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, நோட்டும் பேனாவுமாகத் தெருத் தெருவாக அலைந்தேன். அப்பத்தா, “படிச்சு முடிக்கலையே, அதுக்குள்ள வரி வசூல் பண்ற வேலை குடுத்துட்டாங்களா?” என்று கேட்டது. எங்கள் வீட்டு வாசலிலேயே நாலைந்து பைகள் இருந்தன. வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் நகராட்சிக்கு. மின்சாரம் வாரியத்துக்கு. பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையினுடையது. ரேஷன் அரிசியில் மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்திருந்தன. இத்தனை பைகளிலிருந்து வந்த பணத்தின் மேல்தான் நான் பதினெட்டு வருஷம் நடந்திருக்கிறேன், ஒரு நாளும் பைகளைப் பார்த்ததில்லை.

தெருக் கணக்கு என்று தொடங்கியது ஊர்க் கணக்கில் போய் நின்றது. கொடைக்கானலுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் முதலில் பார்க்கிற ஏரி இயற்கையாக அமைந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது 1863-ல் கரை கட்டி உண்டாக்கியது. கட்டியவர் மதுரையில் கலெக்டராக இருந்த சர் வியர் ஹென்றி லெவிஞ்ச். செலவு அவர் சொந்தப் பணம். ஆக, எங்கள் ஊரின் முதல் பெரிய பொதுப்பணி எந்த பட்ஜெட்டிலும் வராதது! மலைச்சாலையின் கதை நேர் எதிர். மேஜர் லா என்பவர் 1870-களில் வழி வகுத்த சாலை அது. இன்றைக்கும் லா காட் என்றுதான் பெயர். அரசாங்கப் பணத்தை நம்பிய வேலை. பணம் இல்லாமல் இழுத்துக்கொண்டே போய் 1914-ல் முடிந்து, 1916-ல்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அதுவரை மேலே வர வேண்டியவர்கள் குதிரையிலோ, கூலியாட்கள் சுமந்த நாற்காலியிலோதான் வந்தார்கள். வானிலை ஆய்வகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்த பிறகு, சூரியனைக் கவனித்தால் மழையை முன்கூட்டி அறியலாமா என்ற கேள்வி எழுந்தது. அதன் தொடர்ச்சியாகத்தான் கொடைக்கானலில் 1899-ல் சூரிய ஆய்வகம் வந்தது. மழையைப் பற்றி அதிகம் தெரிந்ததா என்றால் இல்லை. ஆனால் 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதை அங்கேதான் கண்டுபிடித்தார். ஒன்றுக்கு ஒதுக்கிய பணம் வேறொன்றைக் கொடுத்திருக்கிறது. கொள்கை ஆய்வு என்ற பாடத்தில் இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று இன்றும் எனக்குத் தெரியாது.

லீவு முடிந்து போய் இதையெல்லாம் வாசித்தேன். சார் பாராட்டவில்லை. “நீ செஞ்சது புது விஷயம் ஒண்ணுமில்லப்பா. நூறு வருஷத்துக்கு முன்னாடியே மெட்ராஸ்ல பசங்க செஞ்சிருக்காங்க” என்றார். சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அந்த வார்த்தைதான் என்னை நூலகத்துக்கு அனுப்பியது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கு முதல் பேராசிரியராக 1915 கடைசியில் வந்து சேர்ந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். அதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்களுக்காக நடந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வர். வந்த இடத்தில் அவருக்கு ஒரு சங்கடம். பாடப் புத்தகங்கள் எல்லாம் இங்கிலாந்தைப் பற்றியவை. எதிரே உட்கார்ந்திருக்கும் பையன்களோ கிராமத்திலிருந்து வந்தவர்கள். இந்தியக் கிராமத்தைப் பற்றி வாத்தியாரைவிட மாணவனுக்கு அதிகம் தெரியும், ஆனால் தனக்குத் தெரியும் என்பதே மாணவனுக்குத் தெரியாது. ஸ்லேட்டர் கேள்விப் பட்டியல் ஒன்றைத் தயாரித்துக் கொடுத்து, லீவுக்குப் போகும்போது சொந்த ஊரை ஆராய்ந்து எழுதி வாருங்கள் என்று அனுப்பினார். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி என்ன, கடன் எவ்வளவு, தீர்வை எவ்வளவு என்று பையன்கள் விசாரித்து வந்தார்கள். அந்த அறிக்கைகள் 1918-ல் ‘சில தென்னிந்தியக் கிராமங்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலப் புத்தகமாக வந்தன. தென்னாற்காட்டு இருவேல்பட்டு, வடஆற்காட்டுத் தூசி, தஞ்சைப் பாலக்குறிச்சி, திருநெல்வேலிக் கங்கைகொண்டான், ராமநாதபுரம் ஜில்லா வடமலைபுரம் எல்லாம் அதில் இருக்கின்றன.

இதில் எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். ஸ்லேட்டர் ஊருக்குப் போய்விட்டார். ஆனால் அந்தக் கிராமங்களை யாரும் விடவில்லை. 1930-களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் மறு ஆய்வு செய்து 1940-ல் வெளியிட்டார்கள். இதே தாமஸ்தான் இந்தியாவில் மத்திய, மாகாண அரசுகளுக்கு இடையே வரிப்பணம் பங்கு போட்ட வரலாற்றை 1939-ல் புத்தகமாக எழுதியவர். பிறகு 1960-களில் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். 1980-களின் தொடக்கத்தில் எஸ். குகன் இருவேல்பட்டுக்குப் போனார். மாநில நிதித்துறைச் செயலாளராக இருந்து பட்ஜெட் போட்டவர், பின்னாளில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தபோது ஒரு கிராமத்து வயல் வரப்பில் நின்று கணக்குக் கேட்டார் என்பதை நினைத்தால் மனசுக்கு நிறைவாக இருக்கிறது. 2008-ல் மறுபடியும் ஒரு குழு அதே ஊருக்குப் போனது. பையன்கள் எழுதிய ஒரு லீவு அசைன்மெண்ட், தொண்ணூறு வருஷம் கழித்தும் ஒப்பிட்டுப் பார்க்கிற ஆவணமாக நின்றிருக்கிறது. நம் ரிக்கார்டு நோட்டுகள் எங்கே போயின என்று யாராவது சொல்ல முடியுமா?

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த மனிதருக்கு வருகிறேன்.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எட்வின் செலிக்மன் என்று ஒரு பேராசிரியர். வருமான வரியைப் பற்றி எழுதியவர்களில் அந்தக் காலத்துப் பெரிய தலை. அவரிடம் படித்த இந்தியர்களில் இரண்டு பேரை நாம் மறக்கக் கூடாது. ஒருவர் டாக்டர் அம்பேத்கர். அவர் எழுதிய ‘பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதியின் வளர்ச்சி’ 1925-ல் வந்தபோது முன்னுரை எழுதியவர் செலிக்மன்தான். இன்னொருவர் நம்ம ஊர்க்காரர். 1892 ஜனவரி 4-ல் தஞ்சாவூரில் பிறந்த ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ். இந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. பின்னாளில் வைத்துக்கொண்ட குடும்பப் பெயரைச் சொன்னால் தெரியும்: ஜே.சி. குமரப்பா.

குமரப்பா முதலில் ஆடிட்டர். லண்டனில் கணக்கியல் படித்து, பம்பாயில் தொழில் நடத்தி, நல்ல சூட்டும் நல்ல வருமானமுமாக இருந்தவர். 1927-ல் அமெரிக்கா போனார். சிராக்யூஸில் ஒரு பட்டம் வாங்கி, பிறகு கொலம்பியாவில் பொது நிதி படிக்கச் சேர்ந்தார். அங்கே ஒரு சர்ச்சில் ‘இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது’ என்று பேசியது பத்திரிகையில் வந்துவிட்டது. அதைப் படித்த செலிக்மன், இதையே ஆராய்ச்சித் தலைப்பாக எடுத்துக்கொள் என்றார். பிரிட்டிஷ் அரசாங்கம் இந்தியாவில் எதில் வரி வாங்குகிறது, எதில் செலவழிக்கிறது என்று ஆடிட்டர் கண்ணோடு பார்க்கத் தொடங்கிய குமரப்பா, முடிக்கும்போது வேறு மனிதராகிவிட்டார். ராணுவத்துக்கும் கடன் வட்டிக்கும் உத்தியோகஸ்தர் சம்பளத்துக்கும் போக மிச்சம் என்ன இருந்தது? வரி கொடுத்தவன் கைக்குத் திரும்பி வந்தது என்ன? பேச்சாளர்கள் மேடையில் சொன்னதை அவர் வரவு செலவுக் கணக்கில் கண்டார்.

1929 மே 9-ஆம் தேதி, ஆராய்ச்சிக் கட்டுரையை எடுத்துக்கொண்டு சபர்மதிக்குப் போனார். பட்டுத் துணியில் சூட், கையில் தடி. குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதால் சுற்றிப் பார்க்கப் போனார். ஒரு மரத்தடியில், சாணி மெழுகிய தரையில் உட்கார்ந்து ஒரு கிழவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். தடியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்த குமரப்பாவிடம் கிழவர், நீங்கள்தானே குமரப்பா என்று விசாரித்தார். அதற்குப் பிறகுதான் இவருக்கு அது யாரென்று உறைத்தது. சூட்டின் மடிப்பைப் பார்க்காமல் அப்படியே சாணித் தரையில் உட்கார்ந்துவிட்டார். காந்தி அந்தக் கட்டுரையை ‘யங் இந்தியா’வில் தொடராக வெளியிட்டார். 1930-ல் புத்தகமாகவும் வந்தது. அதோடு ஒரு வேலையும் கொடுத்தார்: குஜராத் வித்யாபீடத்து மாணவர்களை வைத்துக்கொண்டு ஒரு தாலுகாவை ஆய்வு செய்ய வேண்டும்.

இங்கேதான் வேடிக்கை. குமரப்பாவுக்குக் குஜராத்தி தெரியாது. பாஷை தெரியாத மனிதர் கிராமத்தில் என்ன செய்ய முடியும் என்று வித்யாபீடத்தில் முதலில் தயங்கினார்கள். பிறகு சரியாகி, கேடா ஜில்லாவில் மாத்தர் தாலுகா தேர்ந்தெடுக்கப்பட்டது. வாத்தியாருக்குப் பொது நிதி தெரியும், பாஷை தெரியாது. மாணவர்களுக்குப் பாஷை தெரியும், பொது நிதி தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்தால்தான் கேள்வியே கேட்க முடியும். ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் போய், வீடு வீடாக வருமானம், சாகுபடிச் செலவு, கடன், நிலத்தீர்வை எல்லாவற்றையும் கேட்டு எழுதினார்கள். முடிவை முன்கூட்டியே வைத்துக்கொண்டு போகக் கூடாது, உண்மை எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போக வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

ஆய்வு எதைச் சோதித்தது என்பதை நம் ஜூனியர்கள் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். நிலத்தீர்வை என்பது விளைச்சலில் செலவு போக மிஞ்சுவதில் அரசாங்கத்தின் பங்கு என்பதே ஏட்டில் இருந்த தத்துவம். சரி, மிஞ்சுகிறதா? விதை, உரம், மாடு இவற்றோடு குடியானவனும் அவன் பெண்டாட்டி பிள்ளைகளும் வயலில் உழைத்ததற்கும் கூலி போட்டுப் பார்த்தால் பல குடும்பங்களுக்கு மிச்சமே இல்லை, நஷ்டம்தான். ஆனாலும் தீர்வை கட்டியிருக்கிறார்கள். எதிலிருந்து? கடனிலிருந்து, வயிற்றிலிருந்து. ரசீதைப் பார்த்தால் வரி ஒழுங்காக வசூலாகியிருக்கிறது, ஆகவே மக்கள் சௌக்கியம் என்று அரசாங்கம் சொல்லலாம். வரி எந்தப் பையிலிருந்து வந்தது என்று கேட்டால்தான் விஷயம் தெரியும். என் சார் முதல் வகுப்பில் கேட்டது இதே கேள்விதான் என்று எனக்குப் புரிய ஐந்தாறு வருஷம் ஆயிற்று.

மாத்தர் தாலுகா அறிக்கை 1931-ல் வெளிவந்தது. அதற்குள் உப்பு சத்தியாக்கிரகம் வந்து, குமரப்பா ‘யங் இந்தியா’வைப் பொறுப்பேற்று நடத்தி, ஜெயிலுக்கும் போய்விட்டார். அதே 1931-ல் இந்தியாவின் தலையில் இருந்த அரசாங்கக் கடனில் எது நியாயம், எது பிரிட்டன் ஏற்க வேண்டியது என்று காங்கிரஸ் ஒரு குழு போட்டுக் கணக்குப் பார்த்தது. அதிலும் இவர் இருந்தார். 1934 பீகார் பூகம்ப நிவாரண நிதிக்கு இவர்தான் கணக்கு. தொண்டர்களின் சாப்பாட்டுக்கு நாளுக்கு மூன்றணா என்று வைத்து, காந்தியோடு வந்த பரிவாரத்தின் செலவைக்கூட நிதியிலிருந்து கொடுக்க முடியாது என்று சொன்னவர். ஆடிட்டர் புத்தி எங்கேயும் போகவில்லை! கடைசிக் காலத்தில் நம் மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து தங்கினார். 1960 ஜனவரி 30-ல் காலமானார். கல்லுப்பட்டி வழியாக ராஜபாளையத்துக்கு எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். இறங்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். அதற்குக் காரணம் ஒரு தண்ணீர்த் தொட்டி.

வேலையில் சேர்ந்த இரண்டாம் வருஷம், சமவெளியில் ஒரு கிராமத்துக்கு மேல்நிலைத் தொட்டி டிசைன் செய்தேன். ஊர் பெயர் வேண்டாம், என் கம்பெனி பெயரும் வேண்டாம், தப்பு என்னுடையது. மண் பரிசோதனை சரி, கம்பிக் கணக்கு சரி, எஸ்டிமேட் பைசா பிசகவில்லை. அடுத்த கோடையில் அந்தப் பக்கம் போனபோது தொட்டி காய்ந்து கிடந்தது. மோட்டார் ஓடவில்லை. கரண்ட் பில் பாக்கி, ரிப்பேருக்குப் பணமில்லை. குடத்தோடு நின்ற ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: “தொட்டி நல்லாத்தான் இருக்கு தம்பி. மாசாமாசம் ஓட்டுறதுக்கு யாரு காசு குடுப்பான்னு எழுதுனீங்களா?”

எழுதவில்லை. கட்டுகிற செலவுக்கு ஒன்பது பக்கம் எழுதிய நான், நடத்துகிற செலவுக்கு ஒரு வரி எழுதவில்லை. பொது நிதியில் எழுபத்திரண்டு மார்க் வாங்கியவன். மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்ற ஐந்து மார்க் கேள்விக்கு முழு மார்க் வாங்கியதும் ஞாபகம் இருந்தது. அன்று ராத்திரி சாரின் பழைய நோட்ஸைத் தேடி எடுத்தேன். குமரப்பா பெயர் அதில் இரண்டு வரி இருந்தது.

பெரிய அளவில் இந்தப் பாடத்தை வளர்த்தவர்களைச் சொல்லாமல் விட்டால் பொருளியல் படித்த நண்பர்கள் கோபிப்பார்கள். ராஜா செல்லையா 1976-ல் டெல்லியில் தேசிய பொது நிதி, கொள்கை நிறுவனத்தின் முதல் இயக்குநரானார். 1991-ல் வரிச் சீர்திருத்தக் குழுவின் தலைவர். 1993-ல் சென்னைப் பொருளியல் பள்ளி தொடங்கியதிலும் அவர் கை உண்டு. 2017-ல் வந்த ஜி.எஸ்.டி. வரைக்கும் அவர் குழு போட்ட கோட்டைப் பின்தொடர்ந்து வரலாம். ஆனால் என் மனசு என்னவோ குழு அறிக்கைகளைவிடக் கிராமத்துத் திண்ணைகளில்தான் நிற்கிறது. இன்ஜினீயர் புத்தி, சைட்டைப் பார்க்காமல் வரைபடத்தை நம்பாது.

மூன்று வருஷமாக நான் இந்தப் பாடத்துக்கு வந்து இரண்டு சனிக்கிழமை வகுப்பு எடுக்கிறேன். சார் ஓய்வு பெற்றுவிட்டார். பையன்களையும் பெண்பிள்ளைகளையும் நாயுடுபுரத்துக்கே அழைத்துவந்துவிடுகிறேன். பாடம் நடத்த எங்கள் ஊரே இப்போது நல்ல கேஸாக இருக்கிறது. 2024 மே 7 முதல், சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடைக்கு, கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 என்று சுற்றுலா வண்டிகளுக்கு வரம்பு வைத்தார்கள். ஊர் எத்தனை வண்டி தாங்கும் என்று ஆராயும் வேலை சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூர் ஐ.ஐ.எம்.முக்கும் கொடுக்கப்பட்டது. எங்கள் பிள்ளைகளுக்கு அவ்வளவு பெரிய கருவி எதுவும் கிடையாது. ரோட்டோரம் நின்று வண்டி எண்ணுவார்கள். பிறகு இரண்டிரண்டு பேராகப் பிரிந்து போய், லாட்ஜ்காரர், டீக்கடைக்காரர், ஜீப் ஓட்டுகிறவர், கேரட் போடுகிற விவசாயி, குழாயடியில் நிற்கிறவர்கள் எல்லாரிடமும் கேட்பார்கள்: வண்டி வந்தால் உங்களுக்கு என்ன வருகிறது, என்ன போகிறது?

போன தடவை ஒரு பெண் கொண்டுவந்த பதில் எனக்கு மறக்கவில்லை. ஜீப் ஓட்டுகிற அண்ணன் ஒருவர், பாஸ் வந்ததில் சவாரி குறைந்தது என்று கோபமாகச் சொன்னாராம். அவர் மனைவி உள்ளேயிருந்து, அந்த மாசம்தான் தெருக்குழாயில் தண்ணீர் கொஞ்சம் கூட நேரம் வந்தது என்றாராம். ஒரே வீடு, ஒரே வரி ரசீது. “சார், இதை லாபம்னு எழுதறதா, நஷ்டம்னு எழுதறதா?” என்று கேட்டாள். இரண்டையும் எழுது, யார் சொன்னது என்பதையும் எழுது என்றேன். மாத்தர் தாலுகாவில் குமரப்பா என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துத்தான் சொன்னேன். சரியா என்று தெரியாது.

இந்த வருஷம் பாடத்துக்குச் சேர்ந்தவர்கள் எட்டுப் பேர். பத்துப் பேர் இல்லாவிட்டால் விருப்பப் பாடம் நடக்காது. நாங்கள் நாற்பது பேர் சேர்ந்தது லேப் இல்லை என்பதற்காக என்று மேலே ஒப்புக்கொண்டேன். அதனால் இன்றைய பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் பதிவு செய்ய இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. மூன்றாம் ஆண்டுத் தம்பி தங்கைகள் யாராவது இந்த மலரைப் புரட்டிக்கொண்டிருந்தால், இரண்டு இடம் காலியாக இருக்கிறது. பழைய மாணவர்களில் நகராட்சி, ஊராட்சி, கருவூலம், ஆடிட் பக்கம் வேலை செய்கிறவர்கள் ஒரு சனிக்கிழமை மேலே வந்தால் பிள்ளைகளுக்கு உபகாரமாக இருக்கும். வத்தலக்குண்டிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால் வகுப்புக்கு வந்துவிடலாம். ஸ்வெட்டர் அவசியம். சாப்பாடு எங்கள் வீட்டில். சாம்பார் மெஸ் சாம்பார் மாதிரி இருக்காது என்பதற்கு நான் பொறுப்பு.